இரு கரைக்கு ஒரு கைப்பேசி

கோப்பெங் எல்லையூர் அல்ல. ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில், கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டிக் கிடக்கும் பழைய ஈய லம்பத்து ஊர். ஆனால் ஊரைத் தொட்டுக்கொண்டு போகும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் இரண்டு முனைகளிலும் எல்லைதான். வடக்கே புக்கிட் காயு ஹீத்தாமைத் தாண்டினால் தாய்லாந்து. தெற்கே ஜொகூர் பாருவைத் தாண்டினால் சிங்கப்பூர். 1994இல் இந்தச் சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட காலத்தில், கிந்தா வட்டாரத்தில் பிழைப்பின் திசையும் மாறிக்கொண்டிருந்தது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை நொறுங்கியது, லம்பங்கள் மூடப்பட்டன. பால்மரக் காடுகள் ஒவ்வொன்றாகச் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. கோப்பெங்–பத்து காஜா சாலையில் இருக்கும் கெல்லி மாளிகையைக் கட்டவும் அதைச் சுற்றியிருந்த தோட்டத்தில் பால் வெட்டவும் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். இன்று அதே வட்டாரத்திலிருந்து அவர்கள் வழிவந்த பிள்ளைகள் ஈப்போ அமான் ஜெயாவில் பஸ் ஏறிச் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறார்கள்.

போகிறவர் கையில் கடப்பிதழ், வேலை அனுமதி, ஒரு கைப்பேசி. முதல் இரண்டுக்கும் வழி சொல்ல ஏஜெண்டு உண்டு. மூன்றாவதற்கு வழி சொல்பவர் கைப்பேசிக் கடைக்காரர் மட்டும்தான். அவர் ‘எத்தனை ஜிபி வேணும்?’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார். எல்லை தாண்டி வேலை செய்கிறவருக்கு அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, மாதத்தில் எத்தனை இரவு எந்தக் கரையில் தூக்கம் என்பது. இரண்டாவது, எந்த எண் உயிரோடு இருந்தே ஆக வேண்டும் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் திட்டம் பாதி தேர்வான மாதிரிதான். ஏன் என்று புரிய, கைப்பேசி எல்லையில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதலில் பழைய வீட்டுத் தொலைபேசி. கோப்பெங் இருக்கும் பேராக் மாநிலத்தில் அதன் எண் 05இல் தொடங்கும். கோலாலம்பூருக்கு 03, பினாங்குக்கு 04, ஜொகூருக்கு 07. வரிசையில் விடுபட்டுப் போன 02, சிங்கப்பூரை அழைக்க ஒதுக்கப்பட்டது. 1965இல் நாடு பிரிந்த பிறகும் தொலைபேசிக் கம்பி அந்தப் பழைய உறவை விடவில்லை. இங்கிருந்து 02 போட்டுச் சிங்கப்பூரையும், அங்கிருந்து 020 போட்டு மலேசியாவையும், பக்கத்து மாநிலத்தைக் கூப்பிடுவது போல அழைக்க முடிந்தது. கைப்பேசியில் நிலைமை வேறு. பேசுகிறவர் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதோடு, அவருடைய சிம் எந்தக் கரையைச் சேர்ந்தது என்பதும் கணக்கில் வந்துவிட்டது.

சிம் அட்டைக்குள் இரண்டு முக்கியமான விஷயங்கள் உண்டு. ஒன்று, பதினைந்து இலக்கம் வரை போகும் ஓர் அடையாள எண். நாம் அடுத்தவருக்குச் சொல்லும் தொலைபேசி எண் அல்ல அது, வலையமைப்புகள் தமக்குள் பேசிக்கொள்ளும் எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்: மலேசியாவுக்கு 502, சிங்கப்பூருக்கு 525. அடுத்து வருவது நிறுவனத்தின் குறி. மெக்சிஸுக்கு 12, டிஜியாக இருந்ததற்கு 16, செல்கோமாக இருந்ததற்கு 19. மற்றொன்று ஓர் இரகசியச் சாவி. அது சிம்மிலும், சிம்மைக் கொடுத்த நிறுவனத்தின் கணினியிலும் மட்டுமே இருக்கும்.

ஜொகூர் கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இறங்கியதும் கைப்பேசி தன் சொந்த வலையமைப்பைத் தேடும், கிடைக்காது. உடனே சிங்கப்பூர்க் கோபுரம் ஒன்றின் கதவைத் தட்டும். அந்த நிறுவனம் 502 என்ற குறியைப் பார்த்ததும் மலேசியாவில் இருக்கும் தாய் நிறுவனத்தைக் கேட்கும்: ‘இவர் உங்கள் ஆளா?’ தாய் நிறுவனம் ஒரு கணக்கையும் அதன் விடையையும் அனுப்பும். அதே கணக்கை சிம்முக்குக் கொடுத்தால், உள்ளே இருக்கும் சாவியை வைத்து அது விடை சொல்லும். இரண்டு விடையும் ஒத்துப்போனால் உள்ளே அனுமதி. சாவி மட்டும் எந்த நேரத்திலும் சிம்மைவிட்டு வெளியே வருவதில்லை. ‘ஆள் இப்போது சிங்கப்பூரில்’ என்று தாய் நிறுவனம் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. இவ்வளவும் முடிய பொதுவாகச் சில விநாடிகள்தான். இதற்குப் பெயர்தான் ரோமிங். இதற்கான முதல் உலக ஒப்பந்தம் 1992இல் பின்லாந்து நிறுவனம் ஒன்றுக்கும் பிரிட்டனின் வோடஃபோனுக்கும் இடையே கையெழுத்தானது.

அந்தப் பதிவேட்டு வரியில்தான் பலரின் மனக்குறைக்குக் காரணம் இருக்கிறது. ‘நான் யாரையும் கூப்பிடவே இல்லை, அம்மாதான் கூப்பிட்டாங்க, அதுக்கு ஏன் என்கிட்ட காசு?’ என்று கேட்பார்கள். கோப்பெங்கில் இருக்கும் அம்மா மகனுடைய மலேசிய எண்ணை அழுத்துகிறார். அவருக்கு அது உள்நாட்டு அழைப்பு, உள்நாட்டுக் கட்டணம்தான். மகன் சிங்கப்பூரில் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தாலும் அவருடைய நிறுவனத்துக்கு அது சம்பந்தமில்லை. அழைப்பு முதலில் மகனின் தாய் நிறுவனத்துக்குப் போகிறது, அது பதிவேட்டைப் பார்த்துச் சிங்கப்பூருக்குத் திருப்பிவிடுகிறது. அந்த இரண்டாவது துண்டுப் பயணத்தின் செலவு மகன் தலையில் விழுகிறது. அவர் எடுக்காமல் விட்டு, அழைப்பு குரல் அஞ்சலுக்குத் திரும்பினால் சில நிறுவனங்களில் போன வழிக்கும் வந்த வழிக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறும். எல்லை தாண்டும் முன் குரல் அஞ்சலை அணைத்து வையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இணையத் தரவும் பெரும்பாலும் இப்படிச் சுற்றித்தான் வருகிறது. சிங்கப்பூரில் உட்கார்ந்து மலேசிய சிம்மில் ஒரு பக்கத்தைத் திறந்தால், கோரிக்கை சிங்கப்பூர்க் கோபுரம் வழியாக மலேசியாவின் தாய் நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. இதில் ஒரு வசதி உண்டு. இணையத்தின் கண்ணுக்கு அவர் இன்னும் மலேசியாவில் இருக்கிறார். மலேசியாவுக்குள் மட்டும் திறக்கும் சில சேவைகள் அங்கேயும் திறக்கும். தாமதம் உண்டுதான், ஆனால் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையிலான தூரத்தில் அது பெரிதாகத் தெரிவதில்லை. ஐரோப்பாவுக்குப் போய் மலேசிய சிம்மில் காணொளி அழைப்பு பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் வித்தியாசம் புரியும்.

1924 ஜூனில் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வானொலி அலைக்கு ஒரு கிலோமீட்டர் தண்ணீர் ஒரு தடையே இல்லை. ஜொகூர் பாரு கடற்கரையை ஒட்டிய அடுக்குமாடிகளில் உட்லண்ட்ஸ் கோபுரங்களின் அலை சாதாரணமாக வந்து விழும், அந்தப் பக்கமும் இதே கதை. கைப்பேசிக்குக் குடிநுழைவுச் சாவடி தெரியாது. அது வலுவான அலையைத்தான் பார்க்கும். வேறொரு நாட்டு வலையமைப்பில் ஒருமுறை பதிந்துவிட்டால், அந்த அலை நன்றாக இருக்கும்வரை எளிதில் விட்டு விலகாது. ஜொகூர் பாருவில் சோபாவில் படுத்தபடியே ‘சிங்கப்பூருக்கு நல்வரவு’ என்ற குறுஞ்செய்தி வருவதன் காரணம் இதுதான். டேட்டா ரோமிங் திறந்திருந்தால் வீட்டைவிட்டு நகராமலேயே வெளிநாட்டுக் கட்டணம் ஓடத் தொடங்கும். கரையோரம் தங்குகிறவர்கள் அமைப்புகளில் வலையமைப்பைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை நிறுத்தி, தங்கள் நிறுவனத்தின் பெயரைக் கையால் தேர்ந்தெடுத்து வைப்பது நல்லது. பாலத்தைத் தாண்டியதும் திரும்ப மாற்ற மறந்தால் லைன் கிடைக்காது, அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி காசு. சிங்கப்பூர் நிறுவனம் தன் கோபுரத்தைப் பயன்படுத்தியதற்கான கணக்கை மலேசிய நிறுவனத்துக்கு அனுப்புகிறது. மலேசிய நிறுவனம் தன் லாபத்தைச் சேர்த்து வாடிக்கையாளருக்கு நீட்டுகிறது. மாதக் கட்டணத் திட்டத்தில் இந்தக் கணக்கு, தோட்டத்துக் கடையில் சம்பள நாளில் பார்த்த பற்றுப் புத்தகம் மாதிரி, பின்னால்தான் வந்து சேரும். ஏற்கெனவே ரீலோட் செய்து பயன்படுத்தும் பிரீபெய்டில் அப்படியில்லை. இருப்பு இருக்கிறதா என்று தாய் நிறுவனம் உடனுக்குடன் பார்க்கும். தீர்ந்தால் அழைப்பு அறுந்துவிடும். பில்லைப் பார்த்து நெஞ்சு அடைக்கக் கூடாது என்பவருக்குப் பிரீபெய்டு பாதுகாப்பு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல், உள்ளூர்க் கட்டணத்திலேயே உறுப்பு நாடுகளெங்கும் பேசலாம் என்று சட்டமே வந்துவிட்டது. ஆசியானில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. மலேசியாவும் சிங்கப்பூரும் 2011இலும் 2012இலும் இரண்டு கட்டமாகக் கட்டணத்தைக் குறைக்க ஏற்பாடு செய்தன. அதற்குப் பிறகு விலையை இறக்கியது பெரும்பாலும் போட்டிதான். தினமும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கும் எல்லையை எந்த நிறுவனமும் கைவிடாது. இன்று சிங்கப்பூரின் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா ஆகியவற்றின் பல திட்டங்களில் மலேசியாவில் பயன்படுத்த ரோமிங் டேட்டா சேர்ந்தே வருகிறது. மலேசிய நிறுவனங்களின் சில மாதத் திட்டங்களிலும் சிங்கப்பூருக்கு அப்படி உண்டு. இல்லாதவர்கள் நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ ‘பாஸ்’ வாங்கலாம்.

இந்த நாள் பாஸில்தான் வேலைக்குப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். அது சுற்றுலாப் பயணிக்காகச் செய்த விலை. மூன்று நாள் போய்வருகிறவருக்கு மலிவு. மாதத்தில் இருபத்தைந்து நாள் பாலம் கடக்கிறவர் அதையே வாங்கினால், கூட்டிப் பார்க்கும்போது இரண்டு நாட்டிலும் தனித்தனி லைன் வைத்திருப்பதைவிட அதிகமாகலாம். போதாக்குறைக்குச் சில பாஸ்களில் ஒரு ‘நாள்’ என்பது இருபத்துநான்கு மணி நேரம் அல்ல, நள்ளிரவு பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். இரவு வேலை முடித்து விடியற்காலையில் திரும்புகிறவருக்கு ஒரு ஷிப்டுக்கு இரண்டு பாஸ் செலவாகும்.

ஆக, இரவைக் கணக்கிடலாம். ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, அதிகாலையில் மோட்டார்சைக்கிளில் பாலம் கடந்து, மாலையில் திரும்புகிறவர் ஒரு ரகம். அவருக்குச் சிங்கப்பூரில் டேட்டா பயன்படுத்த நேரம் குறைவு. உணவு இடைவேளையும் பஸ் பயணமும்தான். காணொளி, வீட்டு அழைப்பு, பாட்டு எல்லாம் இரவில், மலேசியக் கரையில். சிங்கப்பூர் ரோமிங் சேர்ந்த ஒரு மலேசியத் திட்டமே அவருக்குப் பெரும்பாலும் போதும். சம்பளம் வெள்ளியில் வந்தாலும் செலவு ரிங்கிட்டில் இருக்கட்டும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்பதை மறந்து, ‘பத்து வெள்ளிதானே’ என்று வாங்குவது அங்கு வேலை செய்கிறவர்களின் பொதுப் பழக்கம்.

சிங்கப்பூரிலேயே தங்கி, மாதம் ஒருமுறை அல்லது தீபாவளி, தைப்பூசம் என்று கோப்பெங்குக்கு வருகிறவர் இன்னொரு ரகம். இவர் மலேசிய சிம்மில் ரோமிங் செய்துகொண்டே காலம் தள்ளுவது வீண். பல திட்டங்களின் நிபந்தனைகளில் நியாயமான பயன்பாடு என்று ஒரு வரி இருக்கும். சொந்த நாட்டைவிட வெளிநாட்டிலேயே அதிகம் பயன்படுத்தினால் வேகத்தைக் குறைக்கவோ சேவையை நிறுத்தவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். இவர் டேட்டாவுக்குச் சிங்கப்பூர் லைன்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது மலேசிய ரோமிங் சேர்ந்ததாகப் பார்த்தால், ஊருக்கு வரும் நாட்களுக்கும் அதுவே போதும்.

வடக்கே தாய்லாந்தின் ஹாட்யாய்க்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர் மூன்றாவது ரகம். போவது வாரத்தில் ஓரிரு முறை, தங்குவது ஓர் இரவு. நாள் பாஸ் உண்மையிலேயே பொருந்துவது இவருக்குத்தான்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சிங்கப்பூர் லைன் எடுத்ததும் பழைய மலேசிய எண்ணைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. போடக் கூடாது. மலேசிய வங்கிக் கணக்கு, ஊழியர் சேமநிதி, கார் கடன் எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை விட்டுச் செயலி வழி உறுதிப்படுத்தலுக்கு மாறும்படி 2022 செப்டம்பரில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளுக்கு அறிவித்தது. சிங்கப்பூர் வங்கிகளும் 2024இல் அதே பாதையில் இறங்கின. என்றாலும் கைப்பேசியை மாற்றும்போதும், செயலியைப் புதிதாகப் பதியும்போதும் பதிவான எண்ணைத்தான் கேட்கிறார்கள். பிரீபெய்டு எண் ரீலோட் இல்லாமல் காலாவதியானால் சலுகைக் காலம் கழிந்து அது வேறொருவர் கைக்குப் போய்விடும். உங்கள் பெயரில் வரும் செய்தியை அவர் படிப்பார்.

எனவே மலேசிய எண்ணை இருப்பதிலேயே மலிவான திட்டத்துக்கு இறக்கி, உயிரோடு மட்டும் வைத்திருப்பதுதான் புத்தி. ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறுவதற்குப் பொதுவாகக் கட்டணமில்லை. சேவையை மட்டும் திறந்து வைத்து, அந்த சிம்மின் டேட்டா ரோமிங்கை மூடிவிடலாம். இரண்டு சிம் போடும் கைப்பேசி இருந்தால் வேலை சுலபம். இப்போது பல கைப்பேசிகளில் ஒன்று அட்டையாகவும் மற்றொன்று இசிம்மாகவும் இருக்கிறது. இசிம் என்பது அட்டைக்குப் பதிலாகக் கைப்பேசியிலேயே பதிந்திருக்கும் சில்லு. கியூஆர் குறியை வருடினால் அடையாள எண்ணும் சாவியும் அதற்குள் இறங்கிவிடும். வாட்ஸ்அப் மலேசிய எண்ணிலேயே தொடரலாம், டேட்டா எந்த சிம்மிலிருந்து வருகிறது என்பது அதற்கு முக்கியமில்லை. ஒரே ஒரு பொறி: ஒரு சிம்மில் அலை குறைந்தால் மற்ற சிம்மின் டேட்டாவுக்குத் தானாகத் தாவும் வசதி சில கைப்பேசிகளில் உண்டு. அமைப்புகளில் தேடிப்பிடித்து அதை அணைக்காவிட்டால் இவ்வளவு திட்டமும் பாழ்.

சிக்கனம் பார்த்து, ஏற்கெனவே அங்கே இருக்கும் நண்பர் பெயரில் பதிந்த சிம்மை வாங்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். மோசடிக்கு சிம் கைமாறுவதைத் தடுக்கச் சிங்கப்பூர் கடுமையான சட்டம் கொண்டுவந்து 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. சிக்கல் வந்தால் கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சொந்தக் கடப்பிதழிலோ வேலை அனுமதி அட்டையிலோ பதிந்து வாங்கும் சிம் எந்தக் கடையிலும் கிடைக்கிறது.

கைப்பேசியையும் சொல்லியாக வேண்டும். திட்டம் எவ்வளவு நல்லதானாலும் கருவி பழையதானால் பயனில்லை. சிங்கப்பூர் 2017இலேயே 2ஜி சேவையை மூடிவிட்டது. 3ஜியும் 2024இல் போயிற்று. மலேசியாவில் 3ஜி 2021 இறுதியில் நின்றாலும், 2ஜி பேச்சுக்காக நீடித்தது. அதனால் கோப்பெங்கில் நன்றாகப் பேசும் பழைய பட்டன் கைப்பேசி உட்லண்ட்ஸில் வெறும் கடிகாரம். அங்கே குரல் அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போகிறது. சில மலிவான 4ஜி கைப்பேசிகளிலும், சில பழைய இறக்குமதிக் கைப்பேசிகளிலும் அந்த வசதி சரியாக வேலை செய்யாது. இணையம் வரும், அழைப்பு வராது. மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போகும் தாத்தா பாட்டியின் கைப்பேசியைப் புறப்படும் முன் சோதித்துப் பார்ப்பது நல்லது. ‘4ஜி குரல்’ என்ற அமைப்பு அதில் இருக்கிறதா, அது திறந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எல்லையே இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 2024 மார்ச் முதல் உட்லண்ட்ஸிலும் துவாஸிலும் காரில் வருகிறவர்கள் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியைக் காட்டிக் கடக்கலாம் என்றார்கள். பிறகு அது மற்ற வாகனங்களுக்கும் விரிந்தது. குறியை முன்கூட்டியே செயலியில் உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேட்டரி செத்துப்போன கைப்பேசியால் வரிசையை விட்டு நகர முடியாது. கடப்பிதழ் பையில் இருந்தே ஆக வேண்டும்.

ஜிபி கேள்வியை இப்போது கேட்கலாம். பேச்சும் செய்தியும் கொஞ்சம்தான் தின்னும். டேட்டாவைத் தின்பது காணொளி. உயர்தரப் படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். ஈப்போவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், இரவு பஸ் பயணம். அந்த நேரம் முழுக்கப் படம் பார்க்கிறவர் அதை வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு போனால் போதும். ரோமிங்கில் எவ்வளவு போனது என்பதைப் பல கைப்பேசிகள் தனியாகக் கணக்கு வைத்துக் காட்டும். ஒரு மாதம் அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு திட்டம் வாங்குகிறவர், கடைக்காரர் சொல்வதில் பாதியை வாங்க மாட்டார்.

விலைகளை இந்தக் கட்டுரை சொல்லவில்லை. அச்சு காய்வதற்குள் அவை மாறிவிடுகின்றன. அதனால்தான் 24 மாத ஒப்பந்தம் இந்தப் பயணிகளுக்குச் சரிவராது. ஒப்பந்தமில்லாத மாதத் திட்டமே எடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரு கரையின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நாடுகளிலும் 2008 முதலே எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு. மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் மாறிவிடுங்கள்.